பிள்ளையின் நலன் யார் தோளில்?

கணவனும் மனைவியும் பிரிவது புதுமையன்று. பிரிந்தபின் பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கும் பழையதே. ஆயின், பிரிந்த இருவருள் ஒருவர் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து வேறொரு நாட்டில் வாழ விரும்ப, மற்றவர் அதனைத் தடுக்க நீதிமன்றத்தை நாடும் வழக்கு நமது காலத்தின் விளைவாகும். தொழிலும் கல்வியும் போரும் மனிதரை நாடுவிட்டு நாடு பெயர்த்துள்ளன. ஒரு நாட்டிற் பிறந்த பெண், மணத்தின் பொருட்டு இன்னொரு நாட்டிற் குடியேறுகிறாள். மணம் முறிகிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பேசிப் பழகிய மொழி யாவும் ஒரு கரையில். பிள்ளையின் தந்தை மறு கரையில். அவள் பிறந்த மண்ணுக்குத் திரும்ப நினைத்த கணமே, பிள்ளை எங்கே வாழ்வது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

இவ்வழக்கில் நீதிபதி எத்தீர்ப்பை வழங்கினும் ஒருவருக்கு ஆறாத காயம் உண்டு. போகலாம் என்றால், வாரந்தோறும் பிள்ளையைக் கண்ட தந்தை ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் உறவினனாகிவிடுகிறான். போகலாகாது என்றால், தனக்கு வேரில்லாத மண்ணில், முறிந்துபோன மணத்தின் நிழலிலேயே தாய் வாழவேண்டியவளாகிறாள். காசைப் பங்கிடலாம், காணியைப் பங்கிடலாம், விடுமுறை நாட்களையும் பங்கிடலாம். இரண்டு கண்டங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பங்கிட வழியில்லை. ஆதலால் இது சட்டத்தரணிகளுக்கு மட்டும் உரிய பொருளன்று. ஒருவருடைய நலனுக்காக இன்னொருவரின் வாழ்வை எவ்வளவு தூரம் கட்டிப்போடலாம்? கட்டிப்போடுவதாயின் யாரைக் கட்டுவது? இவ்வறக் கேள்வியையே இங்கு நாம் ஆராய விழைகிறோம்.

பிள்ளைக்காக இருவர் வழக்காடும் கதைகளை மனிதகுலம் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. விவிலியத்தின் சாலமன் அரசன் வாளைக் கொண்டுவரச் சொன்னான். பௌத்த ஜாதகக் கதையின் மகோசதப் பண்டிதர் நிலத்திற் கோடு கீறிப் பிள்ளையை இழுக்கச் சொன்னார். விட்டுக்கொடுத்தவளே தாய் என்பது இரு கதைகளும் கூறும் முடிவு. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பெர்டோல்ட் பிரெக்ட் அக்கதையைத் தலைகீழாக்கினார். அவர் 1944இல் எழுதிய 'கோக்கேசிய வெண்கட்டி வட்டம்' நாடகத்திற் பிள்ளையைப் பெற்றவள் அதனை இழக்கிறாள். ஆபத்திற் காத்து வளர்த்த பணிப்பெண் அதனைப் பெறுகிறாள். 1967இல் ஹென்றி ஜயசேன இதனைச் சிங்களத்தில் 'ஹுணுவட்டயே கதாவ' என மேடையேற்றியபோது, இலங்கைச் சுவைஞர்கள் அதனைத் தமது சொந்த நாடகமாகவே ஏற்றுக்கொண்டனர். உரிமை இரத்தத்தால் வருவதன்று, உழைப்பால் வருவது என்ற செய்தி அதில் இருந்தது.

ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட வழக்கில் இக்கதைகள் ஓரளவுக்கே உதவும். அங்கே ஒருத்தி உண்மைத் தாய், மற்றவள் பொய்த் தாய். இங்கோ இருவருமே உண்மையானவர்கள். தந்தையின் கண்ணீரும் பொய்யன்று. தாயின் ஏக்கமும் பொய்யன்று. அதுமட்டுமன்று: பழைய கதையில் விட்டுக்கொடுத்தவள் பிள்ளையைப் பெற்றாள், இன்றைய நீதிமன்றத்தில் விட்டுக்கொடுத்தவள் தன் வாழ்வையே இழக்கவும் கூடும். அஃது எவ்வாறு என்பதைப் பின்னர் காண்போம்.

சட்டம் நடந்துவந்த வழியை முதலிற் சுருக்கமாக நோக்குதல் தகும். இங்கிலாந்தில் நெடுங்காலம் பிள்ளை தந்தைக்கே உரியது. தாய்க்குச் சட்டத்தில் இடமேயில்லை. 1839ஆம் ஆண்டுச் சட்டமே ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்திருக்க நீதிமன்றத்தைக் கேட்கும் வாய்ப்பைத் தாய்மாருக்கு முதன்முதலில் வழங்கிற்று. 1925இல் இயற்றப்பட்ட சட்டம், பிள்ளையின் நலனே முதன்மையானதும் தலையாயதுமாகும் என்று கூறிற்று. தந்தையின் சொத்தாக இருந்த பிள்ளை, தனக்கென நலனுடைய ஒரு மனித உயிராக ஏற்கப்பட்டது. இஃது உண்மையான முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'பிள்ளையின் நலன்' என்பது ஒரு வெற்றுப் பாத்திரம். அதனுள் எதனை வார்ப்பது என்பதை ஒவ்வொரு காலமும் தன் மனப்போக்குக்கேற்பவே முடிவு செய்துள்ளது.

1970இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், மறுமணம் செய்த தாயொருத்தி பிள்ளையுடன் நியூசிலாந்து செல்ல அனுமதித்தது. பிள்ளையைப் பராமரிப்பவரின் நியாயமான வாழ்க்கைத் தெரிவில் நீதிமன்றம் குறுக்கிடுமாயின், அதனால் விளையும் மனக்கசப்பு இறுதியிற் பிள்ளையையே வந்து தாக்கும் என்பது அதன் நியாயம். 2001இல் பெய்ன் எதிர் பெய்ன் என்ற வழக்கிலும் இக்கருத்து வலியுறுத்தப்பட்டது. அவ்வழக்கிலும் தாய் செல்ல விரும்பிய நாடு நியூசிலாந்தே. அவளுடைய நோக்கம் நேர்மையானதா, திட்டம் நடைமுறைக்கு ஏற்றதா, தந்தைக்கு நேரும் இழப்பு எத்தகையது, மறுத்தால் அவள் மனம் என்னாகும் என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. தாயின் மகிழ்ச்சி பிள்ளையின் நலனுக்கு ஒரு வாயிலாகக் கொள்ளப்பட்டது.

பின்னர் காற்றுத் திசைமாறிற்று. பிள்ளைகளின் வளர்ப்பில் நேரடியாகப் பங்குகொள்ளும் தந்தையர் பெருகினர். அவர்களது குரல் நியாயமாகவே ஓங்கியது. 2010 மார்ச்சில் வாஷிங்டனிற் கூடிய பல நாட்டு நீதியரசர்கள், இத்தகைய வழக்குகளிற் போவதற்குச் சார்பாகவோ எதிராகவோ முன்கூட்டிய ஊகம் எதுவும் இருத்தலாகாது என்று அறிவித்தனர். 2011இல், தாயும் தந்தையும் பராமரிப்பைப் பகிர்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் வழக்கில், ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றமும் பிள்ளையின் நலன் ஒன்றே சட்டக் கோட்பாடு, ஏனையவை வழிகாட்டல்களே என்று கூறிற்று. இவ்வாறு பாத்திரம் மீண்டும் வெறுமையாக்கப்பட்டது.

அறிவியல் இப்பாத்திரத்தை நிரப்பும் என்று நம்புவோரும் உளர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1996இல் முடிவுற்ற வழக்கொன்றில், உளவியலாளர் ஜூடித் வாலர்ஸ்டீன், பிள்ளையின் உறுதிப்பாடு அதனை நாள்தோறும் பராமரிப்பவருடனான உறவிலேயே தங்கியுள்ளது என்று நீதிமன்றத்துக்கு எடுத்துரைத்தார். 2003இல் அரிசோனாவிற் பல்கலைக்கழக மாணவரிடையே ஆய்வு நடத்திய வேறு சிலர், பெற்றோருள் ஒருவர் தூர இடம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்து வந்தோர் சில வகைகளிற் கூடுதலான துன்பத்துக்கு உள்ளாகியிருந்தனர் என்று கண்டனர். ஆயின், துன்பத்தை விளைத்தது இடப்பெயர்வா, அதற்கு முன்னிருந்த குடும்பப் பூசலா, வறுமையா என்பதை இத்தகைய ஆய்வு பிரித்துக் காட்டவல்லதன்று. பொதுநிலையில் எடுத்த கணக்கு ஒருபோதும் குறித்த ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கூறாது. ஆசிரியர்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம். தந்தை கடல் கடந்திருக்க, தாயின் கைபிடித்து நிமிர்ந்து நிற்கும் மாணவரையும் கண்டிருக்கிறோம். அதே நிலையில் உள்ளொடுங்கிப் போனவரையும் கண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் நமது கேள்வியைக் கூர்மையாக்கும் வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். 2002இல் அவுஸ்திரேலியாவின் முடிவான நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றம் அதற்குத் தீர்ப்பளித்தது. தாயும் தந்தையும் இந்தியாவிற் பிறந்தவர்கள். மணமுடித்து அவுஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்கள். பிரிந்தபின், தாய் மகளுடன் மும்பாய்க்குத் திரும்ப விரும்பினாள். அங்கே அவளுடைய குடும்பத்தார் இருந்தனர். விசாரணையின்போது, பிள்ளையை அழைத்துச்செல்ல அனுமதி கிடைக்காவிடின் என்ன செய்வீர் என்ற வினா அவளிடம் எழுப்பப்பட்டது. பிள்ளையை விட்டுப் போகேன், இங்கேயே இருப்பேன் என்று அவள் விடை கூறினாள். எந்தத் தாயும் கூறக்கூடிய விடைதான். ஆனால் அவ்விடையே அவளுடைய மாற்றுத் திட்டமாகக் கொள்ளப்பட்டது. தாயும் அருகிலிருப்பாள், தந்தையும் அருகிலிருப்பான். பிள்ளைக்கு இதனினும் நல்லது வேறென்ன? அவள் அங்கேயே வாழவேண்டும் என்ற கட்டளை நிலைபெற்றது. உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசருள் ஐவர் அதனை ஏற்றனர்.

ஏற்காத இருவருள் ஒருவர் மேரி கோட்ரன். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் பெண் நீதியரசர். அவர் எழுப்பிய வினா மிக எளியது. தந்தையும் இந்தியாவிற் பிறந்தவரே. பிள்ளையின் அருகில் வாழ்வதற்காக அவர் இந்தியாவுக்குப் பெயர்ந்து செல்லலாமா என்பதை ஏன் எவரும் ஆராயவில்லை? தந்தை வாழுமிடம் கேள்விக்கு அப்பாற்பட்டது, தாய் வாழுமிடமே கேள்விக்குரியது என்ற எண்ணம், பால்வேறுபாட்டின் அடிப்படையில் எழுந்த முற்கோள் என்று அவர் சுட்டிக்காட்டினார்.

நமது கட்டுரையின் மையம் இதுவே. பிள்ளையின் நலன் என்ற பெயரால் நீதிமன்றம் இருவரையும் விசாரிப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் ஒருவருடைய வாழ்வு மட்டுமே விசாரிக்கப்படுகிறது. ஏன் போகிறாய், எங்கே தங்குவாய், எவ்வளவு உழைப்பாய், போகாமல் இருந்தால் என்ன என்று பராமரிப்பவளிடம் அடுக்கடுக்காகக் கேட்கப்படுகிறது. நீ ஏன் உடன் செல்லலாகாது, உன் தொழிலையும் வசதியையும் பிள்ளைக்காக எவ்வளவு மாற்றிக்கொள்வாய் என்ற கேள்வி மற்றவரிடம் அரிதாகவே கேட்கப்படுகிறது. அவ்வாறன்றி, தந்தையே நாளை வேறொரு நாட்டில் நல்ல வேலை கிடைத்துப் புறப்பட்டால், எந்த நீதிமன்றமும் அவனது கடவுச்சீட்டைப் பற்றி வினவாது. பிள்ளையின் அருகில் இரு என்று பராமரிப்பவளுக்குக் கட்டளையிடமுடிகிறது. பராமரிக்காதவனுக்கு அவ்வாறு கட்டளையிடுவோர் எவருமில்லை. பிள்ளைக்காக உழைப்பவரின் கால்களே கட்டப்படுகின்றன. உழைப்பு எவ்வளவு கூடுதலோ, கட்டும் அவ்வளவு இறுக்கம்.

அந்த வினாவின் பொறியையும் நாம் கவனிக்கவேண்டும். பிள்ளையின்றிப் போவாயா என்று கேட்டால், போவேன் என்பவள் இரக்கமற்ற தாய். போகேன் என்பவள் போகவேண்டிய தேவை இல்லாதவள். எவ்விடை கூறினும் தோல்வி. சாலமனின் சபையில் விட்டுக்கொடுத்தலே அன்பின் சான்றாகக் கொள்ளப்பட்டது. இங்கே அதே விட்டுக்கொடுத்தல் அவளுக்கெதிரான சான்றாகிறது. கனடா இப்பொறியைக் கண்டுகொண்டது. 2021 மார்ச் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விவாகரத்துச் சட்டத் திருத்தம், பிள்ளையை அழைத்துச்செல்ல அனுமதி மறுக்கப்பட்டால் பெற்றோர் தாம் மட்டும் போவாரா, தங்குவாரா என்பதை நீதிமன்றம் கருத்திற்கொள்ளலாகாது என விதித்தது. பிள்ளை பெரும்பாலும் ஒருவரது பராமரிப்பிலேயே வாழ்ந்து அவரே போக விரும்பினால், அது பிள்ளைக்கு நன்றன்று என எண்பிக்கும் சுமை எதிர்ப்பவருக்கு உரியது. இருவரும் ஏறத்தாழச் சமமாகப் பராமரித்திருப்பின், நன்று என எண்பிக்கும் சுமை போக விரும்புபவருக்கு உரியது. யார் எவ்வளவு உழைத்தார் என்பதற்கேற்பச் சுமை இடம்மாறுகிறது. அன்பைச் சொற்களாலன்றிச் செயலால் அளக்கும் முறை இது.

இந்த ஏற்றத்தாழ்வு நீதிபதிகளின் தனிப்பட்ட குறைபாட்டினால் விளைந்ததன்று. 1884இல் ஏங்கல்ஸ் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், ஒருகாலத்திற் சமூகம் முழுவதற்கும் உரிய தொழிலாக இருந்த இல்லப்பணி, தனிச்சொத்துச் சமுதாயத்தில் ஒரு பெண்ணின் தனிப்பட்ட ஊழியமாகச் சுருங்கியது என்று விளக்கினார். ஊழியமாகக் கருதப்படும் உழைப்புக்கு விலையில்லை. விலையில்லாத உழைப்புக்கு உரிமையும் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டி, உணவூட்டி, நோயில் விழித்திருந்து, பாடசாலைக்கு அனுப்பும் பணி இயற்கையாகவே நடப்பதுபோலத் தோன்றுகிறது. தந்தை ஒரு சனிக்கிழமை பிள்ளையுடன் கழிப்பது உறவு எனப்படுகிறது. தாய் ஆறு நாட்கள் கழிப்பது கடமை எனப்படுகிறது. கடமை எங்கு நிகழ்ந்தால் என்ன, உறவு அறுந்துபோகலாகாதே என்ற மனப்போக்கு இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

இனி, நமது கூற்றுக்கு எதிராக எழக்கூடிய தடைகளையும் நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். முதலாவது, தந்தையின் இழப்பு. அது சிறிதன்று. தொலைபேசித் திரையில் முகம் காணலாம்; கைபிடித்து நடக்கமுடியாது. வளர்ப்பில் உண்மையாகப் பாதிப் பங்கு கொண்ட தந்தைக்கு நாம் இதுவரை கூறிய நியாயம் முழுவதும் பொருந்தும், அவனும் உழைத்தவனே. இரண்டாவது, பழிவாங்கும் நோக்கம். மறுதரப்பைத் துன்புறுத்துவதற்காகவே பிள்ளையைத் தூரக் கொண்டுசெல்வோரும் உண்டு. பிள்ளையை ஆயுதமாக்குபவர் தாயாயினும் தந்தையாயினும் அவருக்கு நாம் வக்காலத்து வாங்கோம்.

மூன்றாவது, சொல்லாமற் கொண்டுசெல்லுதல். இதனைத் தடுப்பதற்கே 1980இல் ஹேக் நகரிற் சமவாயமொன்று உருவாயிற்று. இலங்கை 2001இல் இதில் இணைந்து, அதே ஆண்டிற் சட்டமும் இயற்றியது. இந்தியா இன்றுவரை இணையவில்லை. பிள்ளையைப் பறித்தோடும் தந்தையையே சமவாயத்தை வரைந்தோர் பெரிதும் மனத்திற்கொண்டிருந்தனர். ஆனால் 2015ஆம் ஆண்டு விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, பிள்ளையைக் கொண்டுசென்றோருள் நூற்றுக்கு 73 பேர் தாய்மார் எனத் தெரியவந்தது. அவர்களுள் வன்முறைக்கு அஞ்சித் தப்பியோடியோரும் இருக்கின்றனர். வெளியேற நேர்வழி அடைக்கப்பட்டால், அஞ்சியவர் சுவரேறிக் குதிப்பர். சட்டத்தை மீறியோரைத் தண்டிக்கும் சமுதாயம், மீறாமல் வெளியேறும் வாயிலையும் திறந்து வைத்தல் வேண்டும்.

நமது நாட்டு நிலையை நோக்குவோர்க்கு இவ்வேற்றத்தாழ்வு மேலும் தெளிவாகும். இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் தந்தையையே இயற்கைப் பாதுகாவலனாகக் கொண்டது. பிள்ளையின் நலனே தலையாயது என்ற கொள்கை அதனைப் படிப்படியாகவே தளர்த்திற்று. 2013இல் அரசு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தி, குடும்பப் பின்னணி அறிக்கை கோரிற்று. அவ்விதிகள் பின்னர் மாற்றப்பட்டன. ஆனால் பாலைவனத்தில் வேலைக்குச் சென்ற தந்தையரிடம் அத்தகைய அறிக்கையை எவரும் கேட்டதில்லை. அவர்கள் போனபோது அது குடும்பத்துக்கான தியாகம் எனப்பட்டது. தாய் போனபோது அது பிள்ளையைக் கைவிடல் எனப்பட்டது. இருவரும் போனது ஒரே வறுமையின் காரணமாகவே. போரின் காரணமாக ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் குடியேறிய நம்மவர் குடும்பங்களில் மணமுறிவு நேரும்போதும் இவ்வளவுகோலே பயன்படுகிறது. தாயகத்துக்கோ, உடன்பிறந்தார் வாழும் இன்னொரு நாட்டுக்கோ பிள்ளையுடன் போக விரும்பும் பெண்ணை நோக்கி, பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிப் பொறுத்துக்கொள் என்று உறவினர் கூறுவர். பொறுத்துக்கொள்ளும்படி அவனுக்கு எவர் கூறினர்?

இவ்வளவும் பேசிய நாம், பிள்ளையைப் பற்றிப் பேசினோமே தவிரப் பிள்ளையைப் பேசவிடவில்லை. இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த பிள்ளைகள் உரிமைச் சமவாயம், தன்னைப் பாதிக்கும் விடயங்களில் தன் கருத்தைக் கூறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. இது மிகுந்த கவனத்துடன் செய்யவேண்டிய பணி. தாயா தந்தையா என்று தெரிவு செய்யும்படி பிள்ளையைக் கேட்பது கொடுமை; அது வெண்கட்டி வட்டத்தின் நடுவிற் பிள்ளையை நிறுத்தித் தன்னைத்தானே இழுக்கச் சொல்வதை ஒக்கும். உன் நண்பர் யார், உன்னைத் தூங்கவைப்பவர் யார், எதற்கு அஞ்சுகிறாய் என்று கேட்டால் போதும். அதன் விடைகளிலிருந்து தீர்மானத்தின் பாரத்தைப் பெரியவர்களே சுமக்கவேண்டும்.

முடிவாக, எல்லா வழக்குகளுக்கும் பொருந்தும் தீர்ப்பு எதுவும் நம்மிடம் இல்லை. சில பிள்ளைகள் போவது நன்று. சில பிள்ளைகள் இருப்பது நன்று. ஆனால் தீர்ப்புக்கு முன் எழுப்பப்படும் கேள்விகள் இருவருக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பிள்ளைக்காக நீ எதனை மாற்றிக்கொள்வாய் என்று அவளிடம் கேட்பவர், அவனிடமும் கேட்கட்டும். பயணச் செலவையும், விடுமுறையின் அலைச்சலையும், பெயர்ந்து வாழும் வருத்தத்தையும் உழைக்கும் திறனுக்கேற்ப இருவர்மீதும் ஏற்றட்டும். 1996இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், அவுஸ்திரேலியாவின் அடிலெயிட்டில் மேற்படிப்புக்குச் செல்ல விரும்பிய தாயுடன் பிள்ளை போக அனுமதித்தபோது, தந்தை கனடாவிலும் பிள்ளையைக் கண்டு பழகலாம் என்று கட்டளையை விரித்தது. தூரம் ஒருவர் தலையில் மட்டும் விழலாகாது என்பதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அத்துடன், தனித்து வாழும் தாய்க்கு வாடகை கொடுக்கப் போதிய ஊதியமும், பிள்ளையை நம்பி விடக்கூடிய பராமரிப்பு நிலையமும், வன்முறையிலிருந்து காப்பும் அவள் வாழும் நாட்டிலேயே கிடைக்குமாயின், போகவேண்டும் என்ற நெருக்கடியே பல குடும்பங்களில் எழாது. சமுதாயம் தான் சுமக்கவேண்டிய பாரத்தை ஒரு பெண்ணின் தோளில் இறக்கிவிட்டு, அவள் தடுமாறும்போது பிள்ளையின் நலனை நினைவூட்டுவது அறமாகாது. பிள்ளையின் நலன் எல்லோருக்கும் தலையாயதாயின், அதற்கான விலையையும் எல்லோரும் கொடுத்தே ஆகவேண்டும்.